இரண்டு கூலி போகாமல் வேலை முடிக்க: மாற்றுத்திறன் குழந்தைக்கான அரசு உதவிகளை வாங்கும் வழி (தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோருக்கு)

பென்னாகரத்தைத் தாண்டி இருக்கிற எங்கள் ஊரிலிருந்து தருமபுரி கலெக்டர் ஆபீசுக்குப் போய்த் திரும்ப ஒரு பொழுது முழுக்க ஆகும். அக்கா மகனுக்கு மூளை முடக்குவாதம். பிள்ளையை ஒருத்தர் தூக்க, பையும் ஃபைலும் ஒருத்தர் பிடிக்க, எப்போதும் இரண்டு பேர் போகணும். ஒரு நடைக்கு இரண்டு கூலி போச்சு. முதல் வருஷம் மட்டும் பதினோரு நடை. இன்றைக்கு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் அதில் ஏழு நடை தண்டம். ஃபோட்டோ சைஸ் சரியில்லை, ஆதாரில் இனிஷியல் இல்லை, டாக்டர் லீவு, "அது இங்க இல்லம்மா, ஜிஎச்சுல கேளுங்க."

நம் பக்கத்தில் திட்டம் இல்லாமல் கைவிட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நடந்து நடந்து கூலி போய், சலித்துப்போய், ஃபைலைப் பரண் மேல் போட்டவர்கள்தான் அதிகம். அதனால் இதைத் திட்டப் பட்டியலாக எழுதவில்லை. எந்தக் காகிதம் முன்னால், எது பின்னால், எதை எதை ஒரே நடையில் முடிக்கலாம் என்ற வரிசைப்படி எழுதியிருக்கிறேன்.

சந்தேகம் வந்தால் முதலில் போக வேண்டிய இடம்

கலெக்டர் ஆபீஸ் அப்புறம். முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 'டிஇஐசி' எங்கே என்று கேளுங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று பலகை இருக்கும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருவது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் எல்லாவற்றையும் இலவசமாகப் பார்ப்பார்கள். இதே திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பார்த்து எழுதிப் போகும். அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் அதைத் தொலைக்காதீர்கள். அந்தச் சீட்டோடு போனால் ஜிஎச்சில் யாரைப் பார்ப்பது என்று அலைய வேண்டியதில்லை.

"தாத்தா கூட நாலு வயசுலதான் பேசினாரு" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அந்தப் பேச்சில் எங்களுக்கு ஒன்றரை வருஷம் போனது. காது கேளாத குழந்தை விஷயத்தில் இந்தத் தாமதம் இன்னும் கொடுமை. காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை, முதலமைச்சர் காப்பீட்டில் இலவசம்தான், ஆனால் 6 வயதுக்குள் செய்யணும். அறுவை முடிந்த பிறகும் பேச்சுப் பயிற்சிக்கு விடாமல் போய் வரணும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வயதில் திரும்பிப் பார்க்காத பிள்ளைக்குக் காது சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குத்தான் ஓடுகிறார்கள். ஓடுங்கள், தப்பில்லை. அங்கே கொடுக்கும் ரிப்போர்ட் வலுவான ஆதாரம். ஆனால் மாற்றுத்திறன் சான்றை மட்டும் நம் மாவட்ட அரசு மருத்துவமனை வழியாக வாங்குங்கள். தமிழ்நாட்டு உதவிகளுக்குப் பின்னால் கேள்வி வராது.

பையில் இருக்க வேண்டிய காகிதம்

பிறப்புச் சான்று, பிள்ளையின் ஆதார், அப்பா அம்மா ஆதார், ரேஷன் கார்டு (பிள்ளையின் பெயர் அதில் ஏறியிருக்கணும்), பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ பத்து, பிறந்ததிலிருந்து உள்ள எல்லா ஆஸ்பத்திரிக் காகிதமும். குழந்தை பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிறந்தவுடன் அழுததா, இன்குபேட்டரில் எத்தனை நாள் என்பதை டாக்டர் அதில்தான் தேடுவார். எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் ஒன்று என்றால் முதலில் அதைத் திருத்துவதுதான் வேலை. மற்றதெல்லாம் அதன் பிறகு.

5 வயதுக்குள் எடுத்த ஆதாரில் கைரேகை இருக்காது. 5 வயது முடிந்ததும் கைரேகை, கருவிழி பதியணும். எங்களுக்கு இதுதான் பெரிய ரோதனை. அக்கா மகனுக்கு வலது கை எப்போதும் இறுக மூடியே இருக்கும். ஆதார் மையத்தில் இருந்த பையன் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாக நிமிர்த்தப் பார்த்தான். அவன் இழுக்க இழுக்க இவன் இறுக்க, பிள்ளை வீறிட்டு அழ, பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, அன்றைக்கு வேலை நடக்கவில்லை. அடுத்த வாரம் பிசியோதெரபி பார்க்கும் பொண்ணிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, "விரலை இழுக்காதீங்கண்ணா, மணிக்கட்டை மெல்ல உள்பக்கமா மடக்குங்க" என்றாள். மடக்கினேன். வாடிய பூ விரிகிற மாதிரி விரல்கள் தானாகத் திறந்தன. அடுத்த நடையில் அப்படியே பிடித்து நாலு விரல் பதிந்தோம். அதுவும் முடியாத பிள்ளைகளுக்கு விதிவிலக்குப் பதிவு என்று ஒன்று உண்டு. கருவிழியையும் ஃபோட்டோவையும் வைத்து முடிப்பார்கள். மையத்தில் உள்ளவருக்குத் தெரியாவிட்டால் மேற்பார்வையாளரைக் கேளுங்கள். முடியாது என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு வழியில்லை.

பிள்ளை பெயரில் அம்மா காப்பாளராக ஒரு வங்கிக் கணக்கும் இப்போதே திறந்து ஆதாரோடு இணைத்துவிடுங்கள்.

யூடிஐடி: மற்ற எல்லாவற்றுக்கும் சாவி

முன்னே கொடுத்த சின்னப் புத்தக அடையாள அட்டைக்குப் பதில் இப்போது நாடு முழுவதும் ஒரே அட்டை, அதுதான் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. அதன் எண் எழுத்தும் இலக்கமுமாக 18 இடம் கொண்டது. 2021 ஜூன் முதல் மாற்றுத்திறன் சான்றே இந்த இணையதளம் வழியாகத்தான். 'ஸ்வாவ்லம்பன்' என்ற தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். ஆதாரோடு இணைந்த மொபைல் கையில் இருக்கணும், ஓடிபி வரும். விண்ணப்பிக்கும்போது எந்த வகை என்று கேட்கும் இடத்தில் நிதானம் வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, தலசீமியா, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் அதில் வருவார்கள். பிள்ளைக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சான்றில் இரண்டே விஷயம்தான் உங்கள் பிள்ளையின் அடுத்த பத்து வருஷத்தைத் தீர்மானிக்கிறது. ஒன்று வகை, இன்னொன்று சதவீதம். 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான உதவிகளுக்குள் நுழையவே முடியும். மாதாந்திரப் பணத்துக்கோ வகைக்கு வகை அளவு மாறும். அறிவுசார் குறைபாடு என்றால் 40 சதவீதம் போதும். கை கால் குறைபாடு மட்டும் என்றால், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்ற கணக்கில் 75 சதவீதம் வேண்டும். எங்கள் பிள்ளைக்கு முதலில் எலும்பு டாக்டர் மட்டும் பார்த்து 60 எழுதினார். அவர் பார்த்ததற்கு அது சரியான மதிப்பெண்தான். ஆனால் அறிவுத்திறன் சோதனைக்கு அனுப்பச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே தெரியாது. உதவித்தொகை மனு திரும்பி வந்தது. இரண்டாம் முறை சைக்காலஜிஸ்ட் பார்த்து 50 எழுதினார். 60-ம் 50-ம் கூட்டி 110 என்று போட மாட்டார்கள். அதற்கென ஒரு சூத்திரம் இருக்கிறது: பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்து, மிச்சத்தைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பது. 60-ம் 50-ம் சேர்ந்தால் ஏறக்குறைய 77. பரண் மேல் போயிருக்க வேண்டிய ஃபைல் அந்த இரண்டாம் மதிப்பீட்டில் உயிர் பெற்றது.

மதிப்பீட்டு நாளுக்கு முன்னால் செய்ய வேண்டியவை. பிள்ளை சாப்பிடுவது, நடப்பது அல்லது நடக்க முடியாமல் தடுமாறுவது, வலிப்பு வருவது, கத்தித் தலையை முட்டிக்கொள்வது, எதுவானாலும் வீட்டில் மொபைலில் எடுத்து வையுங்கள். ஒரு தாளில் பத்து வரி எழுதுங்கள்: தானாக உட்காருவானா, மூத்திரம் வந்தால் சொல்வானா, எத்தனை வார்த்தை பேசுவான், இரவு தூங்குகிறானா. டாக்டரின் அறைக்குள் நமக்குக் கிடைப்பது சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்தில் பார்த்து நம் பிள்ளை சமர்த்தாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆட்டிசப் பிள்ளைகள் புது இடத்தில் கல் மாதிரி அமைதியாகிவிடுவதும் உண்டு. கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். அம்மாக்கள் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்கிறார்கள், பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வராமல். "இப்ப பரவால்லைங்க சார், அம்மான்னு சொல்றான்." மாதத்தில் ஒரு தடவை சொல்வதை அந்த அறையில் தினமும் சொல்வதாக ஆக்கிவிடாதீர்கள்.

ஓசூர் சுற்றுவட்டாரத்தில் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் நிறைய. வீட்டில் என்ன பாஷை என்று சைக்காலஜிஸ்டிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். வீட்டில் தெலுங்கு மட்டும் கேட்ட பிள்ளையைத் தமிழில் கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டால் அது பிள்ளையின் மதிப்பெண்ணாக இருக்காது.

அட்டை வெள்ளை நிறம் என்றால் 40-க்குக் கீழே, மஞ்சள் 40 முதல் 80-க்குள், நீலம் 80-ம் அதற்கு மேலும். விண்ணப்பித்து 3 மாதத்துக்குள் சான்று தர வேண்டும் என்று 2024-இல் திருத்திய விதி சொல்கிறது. விண்ணப்ப எண்ணை மொபைலில் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். சின்ன வயதில் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்று. முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கக் கிளம்பிவிடுங்கள். இதில் ஒரு கட்டத்திலும் யாருக்கும் பணம் தரத் தேவையில்லை. ஜிஎச் வாசலில் 'முடிச்சுத் தரேன்' என்று நிற்கிறவரிடம் ஃபைலைக் கொடுத்துவிடாதீர்கள்.

மாதம் 2,000 ரூபாய்

இதற்குப் பெயர் பராமரிப்பு உதவித்தொகை. 2023 ஜனவரியிலிருந்து 1,500-ஐ 2,000 ஆக்கினார்கள். அறிவுசார் குறைபாடு (பழைய படிவங்களில் மனவளர்ச்சி குன்றியவர் என்றே இருக்கும்), கடும் பாதிப்பு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, தண்டுவடப் பாதிப்பு, தண்டுவட மரப்பு, நடுக்குவாதம் ஆகியவை இதில் வரும். கலெக்டர் ஆபீசில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கணும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். கிடைக்கத் தொடங்கிய பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, பிள்ளை உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்று கேட்பார்கள். அதைக் கொடுக்காமல் பணம் நின்றுபோன வீடுகள் எங்கள் ஊரிலேயே உண்டு. செங்கல் சூளைக்கோ பெங்களூர் கட்டிட வேலைக்கோ குடும்பத்தோடு போகிறவர்கள், போகும் முன் வி.ஏ.ஓ.வைப் பார்த்து இதை முடித்துவிட்டுப் போங்கள்.

எழுந்திருக்கவே முடியாத, எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்படும் பிள்ளைகளுக்கு உதவியாளர் படியாக மாதம் 1,000 ரூபாய் தனியாக உண்டு. உயர் ஆதரவு தேவை என்று அதற்கான குழு பார்த்துச் சொல்லணும். நலத்துறை அலுவலகத்துக்குப் போகிற அதே நடையில் கேட்டுவிடுங்கள்.

ஒரு பயம் எல்லா அம்மாக்களுக்கும் இருக்கிறது: பிள்ளைக்கு 2,000 வந்தால் நம் ஆயிரம் போய்விடுமோ என்று. பராமரிப்பு உதவித்தொகை வாங்கும் பிள்ளை வீட்டில் இருப்பதற்காக மகளிர் உரிமைத்தொகையை மறுக்க விதியில்லை. அதன் மற்ற தகுதிகள் இருந்தால் போதும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மாருக்கு மோட்டார் வைத்த தையல் இயந்திரமும் இதே நலத்துறை தருகிறது. அக்கா வாங்கினாள். பிள்ளையை விட்டு வேலைக்குப் போக முடியாதவளுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு வருமானம்.

பள்ளிக்கூடம்

சேர்க்க மாட்டோம் என்று எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடத்துக்கும் மாற்றுத்திறன் பிள்ளைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருவார்கள், அந்தப் பிரிவுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. அந்தச் சேர்க்கை எல்கேஜியில் நடப்பது, வயது தாண்டிவிட்டால் வாய்ப்பும் போய்விடும்.

ஆனால் நடைமுறையில் பெரிய உதவி ஒன்றியத்தில் உள்ள வட்டார வள மையம்தான். சமக்ர சிக்‌ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பு ஆசிரியரும் பிசியோதெரபிஸ்டும் அங்கே இருக்கிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு ஆசிரியர் வீட்டுக்கே வருவார். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ அஞ்செட்டிக் காட்டுப் பக்கமோ இருப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. பள்ளிக்குப் பிள்ளையைக் கூட்டி வருபவருக்குத் துணையாளர் படி, போக்குவரத்துப் படி, மாற்றுத்திறன் மாணவிகளுக்கு மாதம் 200 வீதம் பத்து மாதத்துக்கு ஊக்கத்தொகை என்று சின்னச் சின்னதாக இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஒன்றியத்திலும் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும். டாக்டர், அளவெடுப்பவர், யூடிஐடி பதிவு எல்லாம் ஒரே இடத்தில். ஒரு நடையில் நாலு வேலை முடிகிற நாள் இது ஒன்றுதான். தேதியைத் தலைமையாசிரியரிடம் ஜூன், ஜூலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருங்கள்.

நலத்துறையின் கல்வி உதவித்தொகையை 2023-24-இல் இரட்டிப்பாக்கினார்கள். வருஷத்துக்கு 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை 2,000, 6 முதல் 8 வரை 6,000, 9 முதல் 12 வரை 8,000 ரூபாய். பத்தாவது, பன்னிரண்டாவது தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப் பாட விலக்கு ஆகியவை உண்டு. தேர்வு நெருங்கி ஓடக்கூடாது. கல்வியாண்டு தொடங்கியதும் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

உபகரணம், பஸ், ரயில்

சக்கர நாற்காலி, காதுக் கருவி, காலைத் தாங்கும் காலிப்பர், மூளை முடக்குவாதப் பிள்ளைக்கான தனி நாற்காலி எல்லாம் நலத்துறையில் இலவசம். நாற்காலிக்குப் பிள்ளையை நேரில் கூட்டிப்போய் அளவு கொடுங்கள். பெரியவர் நாற்காலியில் சின்னப் பிள்ளையைத் தலையணை வைத்து உட்காரவைத்தால் முதுகுதான் வளையும். ஒரு வருஷத்தில் பிள்ளை வளர்ந்துவிட்டால் திரும்ப அளவெடுக்கச் சொல்லிக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

சாதாரண டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. ஆஸ்பத்திரி, பள்ளி, பயிற்சி மையம் போய்வர 100 கிலோமீட்டருக்குள் இலவச பாஸ் நலத்துறையில் போட்டுத் தருவார்கள். வெளியூர் அரசு பஸ்ஸில் கால் பங்கு கட்டணம்.

ரயில் சலுகையில் நம் பக்கம் ஒரு குழப்பம் இருக்கிறது. தருமபுரி, ஓசூர் ஸ்டேஷன்கள் தென்மேற்கு ரயில்வேயில் பெங்களூரு கோட்டம். மொரப்பூர், பொம்மிடி இரண்டும் தருமபுரி மாவட்டத்திலேயே இருந்தாலும் தெற்கு ரயில்வேயில் சேலம் கோட்டம். ரயில்வே அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் ஸ்டேஷன் எந்தக் கோட்டம் என்று பார்த்துப் போடுங்கள். அரசு டாக்டர் கையெழுத்திட்ட ரயில்வேயின் தனிப் படிவம் வேண்டும், யூடிஐடிக்காக ஜிஎச் போகிற நடையிலேயே அதையும் வாங்கிவிடலாம். துணை இல்லாமல் போக முடியாத பிள்ளைக்கு ஸ்லீப்பரில் முக்கால் பங்கு தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கும் அதே. கிருஷ்ணகிரி டவுன்காரர்களுக்கு ஸ்டேஷனே கிடையாது, அது தனிக் கதை.

இரண்டு காப்பீடு

முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. இது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். வாராவாரம் தெரபிக்கு ஆகும் செலவுக்கு நிராமயா என்று இன்னொன்று இருக்கிறது, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நாலுக்கும் மட்டும். 1 லட்சம் வரை. சேருவதற்கு உடல் சோதனை எதுவும் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 250, மற்றவர்களுக்கு 500 ரூபாய். அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாகச் சேரணும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். செலவைக் கையிலிருந்து செய்துவிட்டுப் பில் அனுப்பித்தான் திரும்ப வாங்கணும். அதனால் மருந்துக் கடையில் பில் கேளுங்கள், தெரபி சீட்டில் தேதியும் கையெழுத்தும் இருக்கட்டும்.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறன் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்க உண்டு. பணிப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் இப்போதே ஏற்றிவிடுங்கள்.

18 வயது

பையனுக்கு 18 முடிந்த மறுநாளிலிருந்து சட்டத்தின் கண்ணில் அம்மாவும் அப்பாவும் அவனுக்குக் காப்பாளர் இல்லை. வங்கியில் கையெழுத்து, சொத்து, எல்லாம் அங்கே மாட்டிக்கொள்ளும். மேலே சொன்ன நாலு வகைப் பிள்ளைகளுக்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம் செய்யும். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. விண்ணப்பம் அதே நலத்துறை அலுவலகத்தில்தான். பெற்றவர்களுக்கு வயதாகியிருந்தால் கூடப் பிறந்தவர்கள் ஆகலாம். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இப்போதே முடிந்துவிட்டது, தாய்மாமன் எதற்கு இருக்கிறேன்.

இழுத்தடித்தால்

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: பிள்ளை பெயர், யூடிஐடி எண், எதற்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், ஒப்புகை எண், என்ன வேண்டும். அழுகதை வேண்டாம், அந்த எண்கள்தான் வேலை செய்யும். மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். அதிலும் நடக்காவிட்டால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குத் தபாலில் எழுதலாம், நேரில் போகத் தேவையில்லை. பதிவுத் தபால் ரசீதை ஃபைலில் குத்தி வையுங்கள்.

உலக வங்கி உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் திறந்து வருகிறார்கள். தெரபி, பதிவு, ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ். உங்கள் ஒன்றியத்தில் இருக்கிறதா என்று வட்டார வள மையத்தில் கேளுங்கள். இருந்தால் பாதி நடை மிச்சம்.

கிளம்புகிற அன்று பிள்ளைக்கு மாற்றுத் துணி இரண்டு, ஒரு பழைய போர்வை, ஃப்ளாஸ்க்கில் கேழ்வரகுக் கஞ்சி, வலிப்பு மாத்திரை. ஃபைலில் அசல் ஒரு கவரில், ஜெராக்ஸ் மூன்று செட் இன்னொரு கவரில். அசலை யார் கேட்டாலும் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.